அந்தக் கொடிக்குப் பெயர் எழுதினோம்

கோடையில் ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. பிரஸ்ஸில் மெஷின் நின்றதும் தெருச் சத்தமெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் பழைய போஸ்டர் ஒன்றை மடித்து விசிறிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிங் மெஷின் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். கரண்ட் போனால் அவருக்குக் கொண்டாட்டம்.

அப்போதுதான் நஸீமா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து, என் மேஜையில் இருந்த டீ டம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். பழுப்பும் மஞ்சளுமாக ஒரு கசாயம். மண்ணும் பட்டையும் சேர்ந்து ஊறிய வாசனை.

"என்னாடி இது? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"வாப்பா குடிக்கிறாருக்கா. உம்மா டெய்லி கொதிக்க வச்சுக் குடுக்குறாங்க. இன்னைக்குத்தான் என் கண்ணுல பட்டுது."

"குடிச்சா குடிக்கட்டும். அதுக்கு ஏன் நீ பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவள் ஒரு பேப்பர் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே வேர்த்துண்டு ஒன்று. பட்டை உரிந்த இடத்தில் தங்க நிறம்.

"நம்ம கொடிக்கா" என்றாள்.

விசிறிக்கொண்டிருந்த போஸ்டரைக் கீழே வைத்துவிட்டேன். வெளியே அப்படி ஒரு வெயில்.

எந்தக் கழகம்?

போன வாரம் இந்தப் பகுதியில், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் பெண்ணின் அப்பா பெயரும் இடம் மாறிப்போன கூத்தை எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்ததாக நிறையப் பேர் சொன்னீர்கள். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்தில் எங்களுக்கு ஓர் இயற்கைக் காப்புக் கழகம் உண்டு. "கழகத்துக்குப் போறேன்" என்று வெளியில் சொன்னால், எந்தக் கழகம், என்ன போஸ்டிங் என்று கேட்கிறார்கள். அதனால் டிரஸ்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு அச்சுப் பிழையால்தான். டிரஸ்ட்டுக்கு நாங்கள் பறவைக் காலண்டர் அடித்துக் கொடுத்தோம். அன்றைக்கு மை ஏதோ கோளாறு. மீன்கொத்தி கத்தரிக்காய் கலரில் வந்துவிட்டது. தலைவர் சார், கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்படி ஒரு பறவை நிஜமாவே இருந்துதுன்னா சொல்லுங்கம்மா, இன்னொரு டாக்டர் பட்டம் வாங்கிடுறேன்" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. மறுபடி சும்மாவே அடித்துக் கொடுத்தோம். காலண்டரைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

டிரஸ்ட்டுக்கு மூன்று வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏரிக்கும் கழிமுகத்துக்கும் கூட்டிக்கொண்டு போய், மரம் மட்டை பெயரெல்லாம் சொல்லிக் கொடுப்பது. எந்த மரம் எப்போது பூக்கிறது, எந்தப் பறவை எப்போது வருகிறது என்று ஆராய்ச்சி செய்வது. அப்புறம், ஊர்க்காரர்கள் சம்மதித்த இடங்களில் கோயில் காடுகளைப் பராமரிப்பது. நானும் என் வீட்டுக்காரரும் நோட்டீஸ், புத்தகம், போர்டு எல்லாம் பார்த்துக்கொண்டோம்.

மரநாய் பின்னால் போன பெண்

நஸீமா பரங்கிப்பேட்டைப் பெண். தாவரவியல் படித்தவள். அவள் வாப்பா அரபு நாட்டில் வெகு காலம் வேலை பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதியோடு ஊர் திரும்பியவர். மகள் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் கனவு. அவள் டிரஸ்ட்டில் ஆராய்ச்சி வேலைக்குச் சேர்ந்ததும், "மரத்துக்குக் காவல் இருக்கவா ஒன்ன படிக்க வச்சேன்?" என்று கொஞ்ச நாள் பேசாமலே இருந்தாராம்.

அவளுக்கு உயிர், செம்மண் பூமியில் நாங்கள் பராமரித்த ஓர் அய்யனார் கோயில் காட்டில் இருந்த ஒரு கொடி.

அந்தக் கொடியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஊரின் பெயரையும் எழுத மாட்டேன். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "பேரு போட்டீங்கன்னா வாசகர்களுக்கு உபயோகமா இருக்குமேம்மா" என்றார். உபயோகமாக இருக்கும் என்பதால்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தொடை கனத்துக்கு வளர்ந்த கொடி அது. மூன்று நான்கு மரங்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மேலே போய், அங்கேயே தனக்கு ஒரு கூரை போட்டிருந்தது. அந்தப் பக்கத்துக் காடுகளில் இதே கொடி வேறு சில இடங்களிலும் இருந்தது. ஆனால் காய்த்துப் பழுத்தது இது ஒன்றுதான். பழம் செங்காயாக இருக்கும்போதே அணில் முந்திக்கொள்ளும். மிச்சத்தை மரநாய் தின்றுவிடும்.

அதனால் நஸீமா விதைக்காக மரநாய் போட்ட எச்சத்தைக் கிளறிக்கொண்டு திரிவாள். மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, குச்சியும் கையுமாக. "பெரிய படிப்பு படிச்ச பொண்ணு பண்ற வேலையப் பாரு" என்று நான் கிண்டல் செய்வேன். "நீங்க கத்தரிக்காய் மீன்கொத்தி அடிச்சவங்கதானக்கா" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அந்த விதை லேசில் முளைக்காது. முளைத்தாலும் தங்காது. டிரஸ்ட் மாடியில் நிழல்வலை கட்டி, அவள் ஒவ்வொரு கன்றாகப் போராடிக்கொண்டிருந்தாள். நூறு வருடத்துக் கொடியோ, இருநூறு வருடத்துக் கொடியோ, அதற்கு ஒரு பிள்ளையாவது நிற்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

அய்யனார் பார்த்துக்கொண்ட காலம்

மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் குலதெய்வம் இப்படி ஒரு காட்டில்தான் இருந்தது. சின்ன வயதில் பொங்கல் வைக்கப் போவோம். அடுப்புக்கு விறகை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். சுற்றிலும் காய்ந்த சுள்ளி கொட்டிக் கிடக்கும், ஒன்றைத் தொட முடியாது. திரும்பும்போது காட்டுக்கு வெளியே நின்று எல்லாரும் துணியை உதறுவோம். ஒரு சருகுகூட ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது. என் அண்ணன் ஒரு தரம் சட்டைப்பையில் காயை வைத்துக்கொண்டு வந்து, அன்றைக்கே காய்ச்சலில் படுத்தான். வெயிலில் ஆடியதால் வந்த காய்ச்சல் என்று இப்போது சொல்லலாம். அப்போது அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

பயத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பயமுறுத்திக் காப்பாற்றுவது என்ன காப்பாற்றல், விவரம் தெரிந்து காப்பாற்றுவதுதான் நிலைக்கும் என்று டிரஸ்ட் கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். சார் தலையாட்டுவார். எல்லாரும் தலையாட்டுவோம்.

பளிச்சென்று நாற்பது அடி தள்ளித் தெரியும்

அப்படித்தான் போர்டு வைக்கும் யோசனை வந்தது. காட்டில் இருக்கிற மரம், கொடிக்கெல்லாம் பெயர்ப் பலகை. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் படித்துக்கொண்டே நடக்கலாம்.

சார் வீட்டில் கூட்டம். வாழைக்காய் பஜ்ஜி. வெறும் பெயரை மட்டும் போட்டால் யார் நின்று படிப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொன்றும் என்னென்னத்துக்கு நல்லது என்று ஒரு வரி போடலாமே என்றார் இன்னொருவர். ஊர்த்தலைவரும் வந்திருந்தார். "அத்த போடுங்க மொதல்ல. இவ்ளோ மருந்து இருக்கிற காடுன்னு தெரிஞ்சா எங்க பசங்களே ஒருத்தன உள்ள வுட மாட்டானுங்க" என்றார். நஸீமாதான் வரிகளை எழுதினாள். சார் திருத்தினார். நான் அடித்தேன். வேண்டாம் என்று ஒரு குரல்கூட எழவில்லை.

அந்தக் கொடிக்கு முன்னால் நட்ட போர்டில் பெயர், அதன் கீழே, வேர் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று ஒரு வரி.

மழைக்கும் வெயிலுக்கும் நிறம் போகாத ஷீட். பச்சைப் பின்னணி, வெள்ளை எழுத்து. என் தொழில்வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் அடித்ததில்லை. நாற்பது அடி தள்ளி நின்றாலும் படிக்கலாம். திறப்பு விழா அன்றைக்கு நானே தள்ளி நின்று படித்துப் பார்த்துக்கொண்டேன். எல்லாரும் கை தட்டினோம். ஊர்ப் பெண்கள் போர்டு பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

போட்டோ. அதுதான்.

வாப்பாவின் சந்தோஷம்

கசாய டம்ளரை மேஜையிலேயே விட்டுவிட்டு, நானும் நஸீமாவும் பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறினோம். வழி முழுக்க அவள் அந்த வேர்ப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள்.

அவள் வாப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க தங்கச்சி. ஒங்களப் பத்திதான் எல்லாருட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். இங்க பாருங்க, இது நீங்க அடிச்ச போர்டுதானே?"

போனை நீட்டினார். வாட்ஸப்பில் யாரோ யாருக்கோ அனுப்பி, அங்கிருந்து இங்கே வந்த படம். என்னுடைய பச்சைப் பின்னணி, வெள்ளை எழுத்து. கீழே டிரஸ்ட்டின் பெயர்.

"எவனாவது எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். எம் மவ டிரஸ்ட்டு எழுதியிருக்கு. இத வுட ஜாஸ்தி கேரண்டி என்னா வேணும்? பண்ருட்டி மார்க்கெட்டுல பலாப்பழக் கடைக்குப் பக்கத்துல ஒருத்தன் விக்கிறான். அவனும் போன்ல இந்தப் படத்ததான் காட்டுறான்."

"வாப்பா, மாத்திர போடுறீங்களா இல்லயா?" என்று கேட்டாள் நஸீமா.

அவர் குழந்தை மாதிரி சிரித்தார். "நிறுத்திட்டேன்மா. ரொம்ப நாளாச்சு. ஒன்கிட்ட சொன்னா திட்டுவ. டெஸ்ட்டு எடுத்து, நார்மல்னு வந்ததும் காட்டி ஒன்ன அசத்தலாம்னு இருந்தேன், இன்ஷா அல்லாஹ்."

அவர் காலில் காலுறை போட்டிருந்தார். கடலோர ஊரில், வீட்டுக்குள், அந்தப் புழுக்கத்தில். நஸீமா குனிந்து அதைக் கழற்றினாள். உள்ளே பெருவிரல் கறுத்திருந்தது. அவள் உம்மா சமையல்கட்டு வாசலில் நின்றபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது எங்க கொடி வாப்பா" என்றாள் நஸீமா, பொட்டலத்தைக் காட்டி. "நா இத்தன வருஷமா வளக்கப் பாத்த கொடி."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நா வெட்டல தங்கச்சி. வெலைக்குத்தான் வாங்கினேன்."

அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது? படிக்கத் தெரிந்தவர், படித்தார். எழுதியவர்களை நம்பினார்.

இலைக்குச் சேதி தெரியவில்லை

மறுநாள் வாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அன்றைக்கே காட்டுக்குப் போனோம். சாரும் வந்தார்.

கொடியின் அடியில் இடுப்பளவு பள்ளம். கடப்பாரையால் தோண்டி, வேரைத் துண்டு துண்டாக எடுத்திருந்தார்கள். சுற்றிலும் பட்டைச் சீவல்கள் மஞ்சளாகக் கிடந்தன. போர்டு அதன் இடத்தில் அப்படியே நின்றது, ஒரு கீறல் இல்லாமல்.

மேலே அண்ணாந்து பார்த்தேன். இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. வேர் போன சேதி மேலே போய்ச் சேர நாளாகும் போலிருக்கிறது.

ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். ஊர்த்தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆடு மேய்க்கிற ஒரு பெண் சொன்னாள்: "மொதல்ல பக்கத்துக் காடுங்கள்ல தோண்டுனாங்க, இங்க இந்த வாரந்தாம்மா பைக்குல வந்து தோண்டுனாங்க. பட்டப்பகல்லதான். நாங்க ஒங்க ஆளுங்கன்னுல்ல நெனச்சோம்! நீங்கதான எப்பப் பாத்தாலும் கடப்பாரையும் மம்பட்டியுமா வந்து எதுனா நோண்டிக்கிட்டிருப்பீங்க. போர்டப் படிச்சுப் படிச்சுப் பாத்துத்தான் தோண்டுனாங்க."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. களை பிடுங்க, குழி எடுக்க, வேலி போட என்று வாராவாரம் ஆயுதங்களோடு போனவர்கள் நாங்கள்தான். அந்தக் காட்டுக்குள் இரும்பைக் கொண்டுபோவது சகஜம் என்று ஊரைப் பழக்கியதும் நாங்கள்தான்.

நஸீமா பள்ளத்துக்குள் இறங்கி, கையாலேயே மண்ணைத் தள்ளி மூட ஆரம்பித்தாள். நானும் இறங்கினேன். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பிறகு பல நாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். பிரயோசனமில்லை. இலை பழுத்தது, கொட்டியது. கோடை முடிவதற்குள் கொடி விறகாகிவிட்டது.

அதே நாட்களில் ஆஸ்பத்திரியில் வாப்பாவின் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, அதோடு நின்றது.

போர்டுகளையெல்லாம் பிடுங்கி வேனில் போட்டுக்கொண்டு வந்தோம். அதற்கும் ஒரு கூட்டம். அந்த முறை பஜ்ஜி இல்லை. "சொல்லிக் கொடுக்கறோம்னுதானே ஆரம்பிச்சோம். இனிமே என்னத்தச் சொல்லிக் கொடுக்கறது?" என்று கேட்டார் சார். கேட்டுவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். 

யார் தப்பு என்று நாங்கள் அடித்துக்கொள்ளவில்லை. கை தட்டியது எல்லாரும் சேர்ந்து. வருத்தம் மட்டும் அவரவர் வீட்டுக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தது. என் வீட்டுக்கு வந்தது இன்னும் போகவில்லை. கடை வாசலில் யாராவது போர்டு ஆர்டர் கொடுக்க வந்தால், முதலில் என்ன எழுத வேண்டும், யார் படிப்பார்கள் என்று விசாரிக்கிறேன். பிறகுதான் அளவு கேட்கிறேன்.

மழை விட்ட ஒரு காலை

மாடியில் நிழல்வலைக்குக் கீழே, நஸீமாவின் கன்றுகளில் கொஞ்சம் பிழைத்திருந்தன. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அவற்றைக் காட்டுக்குக் கொண்டுபோனோம். வேறு பல மரக்கன்றுகளோடு கலந்துதான் எடுத்துப் போனோம். நடுவதற்குப் பள்ளி மாணவிகள் வந்திருந்தார்கள். இந்தக் கன்றுகளை மட்டும் நஸீமா தானே நட்டாள். குச்சி ஊன்றவில்லை, அடையாளம் வைக்கவில்லை. எது எங்கே என்று அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

கடைசிக் கன்றை நடும்போது வெளியே ஆட்டோ வந்து நின்றது. அவள் வாப்பா. ஒரு கையில் கம்பு, காலில் கட்டு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராகவே விசாரித்துக்கொண்டு பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறார்.

காட்டு வாசலில் மற்றவர்களின் செருப்புகளைப் பார்த்துவிட்டு நின்றார். "நானும் கழட்டணுமா தங்கச்சி?"

"புண்ணு காலு, வேணாம்ணே. அய்யனார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

மெதுவாக நடந்து வந்தார். நஸீமா எழுந்திருக்கவில்லை. கன்றைச் சுற்றி மண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா அது இருந்த எடம்?"

அவள் கை காட்டினாள். காய்ந்த கொடி இன்னும் மரங்களைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் கீழே போய் நின்று, கையை ஏந்திக் கொஞ்ச நேரம் உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.  பிறகு மகளிடம் திரும்பி வந்தார்.

"கன்னு கின்னு எதாச்சும் மிஞ்சிச்சாம்மா? ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் போதும். கண்ணால பாத்துட்டுப் போயிடுறேன்."

"இல்ல வாப்பா. எல்லாம் போயிடுச்சு."

அவர் அவள் கையைப் பார்த்தார். கை அந்தக் கன்றின் மேல்தான் இருந்தது.

"அப்ப இது என்னா?"

"இதுவா? பேரு தெரியல வாப்பா."

அந்தக் காட்டில் நஸீமாவுக்குப் பெயர் தெரியாத செடி கிடையாது. அது எனக்குத் தெரியும். சுற்றி நின்ற பிள்ளைகளுக்குத் தெரியும். எல்லாரையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும், ஊர் முழுக்க அதைச் சொல்லிப் பெருமைப்பட்டவர் அவர்தான்.

 "சரிம்மா" என்றார். கம்பைத் தள்ளி ஊன்றி, கட்டுப்போட்ட காலை அகற்றி வைத்து, கன்றைச் சுற்றிக்கொண்டு போனார். ஆட்டோ கிளம்புகிற வரைக்கும் நஸீமா தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது கன்னமெல்லாம் ஈரம்.

"பெத்த வாப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்க்கா."

"வுடு நஸீமா. கன்னு பொழச்சு வரட்டும், அப்ப நீயே கூட்டிக்கிட்டு வந்து காட்டலாம்."

அவள் மண் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பொழச்சு வேரு விட்டுதுன்னாதான்க்கா யாருக்கும் காட்டவே முடியாது" என்றாள்.